தாத்தா அப்படிக் குனியவில்லை

விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துக் காலனி. ஏப்ரல் 14-க்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளுக்கு மைக் செட் கட்டி, பாட்டுப் போட்டு, வெளியூர்ப் பேச்சாளர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசவைப்பதுதான் அங்கே வழக்கம். அந்த வருடம் பிளஸ் டூ படித்தவர்களும் கல்லூரியில் சேர்ந்தவர்களுமாக ஏழெட்டுப் பிள்ளைகள், நாங்களே நாடகம் போடுகிறோம் என்று கிளம்பியிருந்தார்கள். கொஞ்சம் நாடகம் பழகியவன் என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள். சமுதாயக் கூடத்தில் ஒத்திகை.

கதையை அவர்களே கட்டியிருந்தார்கள். நாற்பது, ஐம்பது வருடங்களுக்கு முன்பு அதே ஊரில் நடந்தது. நெல் அறுத்த கூலியில் ஒரு மரக்கால் கூட்டித் தரவேண்டும் என்று கேட்பதற்காகப் பண்ணையாள் ஒருவர் ஆண்டை வீட்டு வாசலில் போய் நிற்கிறார். நாடகத்துக்கு உயிரே அந்த வாசல் காட்சிதான். பண்ணையாளாக நடித்த பையனுக்கு அது சொந்தத் தாத்தாவின் கதை. தாத்தாவை அவன் பார்த்ததில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பையன் வந்தான். இடுப்பை ஒடித்துக் குனிந்தான். துண்டை அக்குளில் இடுக்கினான். குரலை நடுங்கவிட்டு "சாமீ..." என்று இழுத்தான். கூடத்தில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் அவன் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

வாசற்படியோரம் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவனுடைய ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நிறுத்துடா. ஒங்க தாத்தா அப்பிடியா குனிஞ்சாரு? இடுப்பு ஒடிஞ்சவன் எவன்டா நெல்லு மூட்ட தூக்குவான்?"

கூடம் அமைதியானது. நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அவர் எப்படி ஆயா நிப்பாரு?" என்று கேட்டேன். முதலில் பதில் இல்லை. இடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். நாலு முழம் தள்ளி நிற்பாராம். முதுகு வளையாது, தலை மட்டும் தாழும். கண் ஆண்டையின் காலைப் பார்க்கும். பயத்தாலா என்று கேட்டேன். "பயமும்தான். ஆனா கால் எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்துக்கினே இருப்பாரு. பேசப் போறாரா, உள்ள எழுந்து போவப் போறாரான்னு கால்லயே தெரிஞ்சிடும்" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "துண்ட எடுத்து அக்குள்ள வெப்பாரு. வெக்கறதுக்கு முன்னாடி ஒரு ஒதறு ஒதறுவாரு" என்றார்.

அந்த ஓர் உதறலை நாங்கள் யாரும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருக்கவும் முடியாது.

பையன் அந்தக் குனிவை எங்கேயிருந்து எடுத்தான்? அவன் காலனியில் அப்படிக் குனிகிற ஒருவரையும் அவன் கண்டதில்லை. சினிமாவில் பார்த்திருக்கிறான். தொலைக்காட்சித் தொடரில் பார்த்திருக்கிறான். பள்ளி ஆண்டு விழாவில் பண்ணையார் வேஷத்துக்கு எதிரே யாரோ அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறான். திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் கண்ணுக்கு நம் ஆட்கள் எப்படித் தெரிந்தார்களோ, அந்தச் சித்திரம்தான் இத்தனை காலம் மேடைகளில் சுற்றி வருகிறது. அதையே நம் பிள்ளை எடுத்துத் தன் தாத்தா மேல் போர்த்துகிறான். நாடகத்தின் நோக்கம் நல்ல நோக்கம்தான். ஆனால் உடம்பு எதிராளியின் உடம்பாக இருந்தால் வசனம் என்ன பேசினாலும் எடுபடாது.

இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது. நானே அந்தக் குனிவைக் குனிந்து பரிசு வாங்கியவன்.

நான் தமிழ் படித்த காலத்தில் கல்லூரி விழா ஒன்றில் நந்தனார் காட்சி போட்டார்கள். எந்தக் கல்லூரி, யார் பழக்கினார் என்பது இங்கே வேண்டாம். வகுப்பில் அத்தனை பேர் இருக்க, நந்தன் வேஷத்துக்கு என்னைக் கை காட்டினார்கள். "உனக்கு இயல்பாகவே பொருந்துது" என்றார் பழக்கியவர். ஒத்திகை முழுக்க அவர் எனக்குச் சொன்ன ஒரே திருத்தம் "இன்னும் குனி" என்பதுதான். குனிந்தேன். கைதட்டல் அரங்கம் அதிர்ந்தது. முதல் பரிசும் கொடுத்தார்கள். சான்றிதழை அம்மாவிடம் காட்டியபோது, கூட இருந்த புகைப்படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "யார்டா இது, நீயா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பரிசு என் நடிப்புக்கா, என் முதுகுக்கா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நந்தனாரைத் திரையில் 1935-இல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-இல் தண்டபாணி தேசிகரும் நடித்தார்கள். இருவரும் பெரும் பாடகர்கள். மக்கள் அவர்கள் பாட்டைக் கேட்கப் போனார்கள். நந்தன் ஏர் பிடித்தவன், சேற்றில் நின்றவன். அந்த உழைக்கிற உடம்பு எப்படி இருக்கும் என்று என்னைப் பழக்கியவர் ஒருநாளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிற்பாடு கே.ஏ. குணசேகரனின் 'தன்னானே' கலைக்குழுவின் பாட்டும் ஆட்டமும் எனக்கு வேறொரு உடம்பைக் காட்டின. மேடையில் நம் ஆட்கள் நிமிர்ந்து நின்று, காலை அகட்டிப் பறையை அடித்தார்கள். அவருடைய 'பலி ஆடுகள்' தமிழின் முதல் தலித் நாடகம் என்று பேசப்படுவது. 1955-இல் சிவகங்கைப் பக்கத்து மாரந்தையில் பிறந்து, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைத் துறைப் பேராசிரியராக இருந்து, 2016-இல் மறைந்தவர். அவர் எழுதிய 'வடு' தன்வரலாற்றை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

நடிப்புப் பாடம் என்றால் ரஷ்ய நாடகக்காரர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் பெயர் வராமல் இருக்காது. 1863-இல் பிறந்து 1938-இல் இறந்தவர். மாஸ்கோ கலை அரங்கத்தை 1898-இல் தொடங்கியவர்களில் ஒருவர். நடிகர் தன்னை எப்படித் தயார் செய்துகொள்வது என்று ஒரு மாணவனின் நாட்குறிப்பு வடிவில் அவர் எழுதிய புத்தகம் 1936-இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் தொடக்கத்தில் வரும் நிகழ்ச்சியை நம் பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வேன்.

அந்த மாணவன் முதல் பரீட்சைக்கு ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ வேஷத்தை எடுக்கிறான். ஒத்தெல்லோ கறுப்பன். மாணவன் வெள்ளையன். வீட்டில் தனியாக இருந்துகொண்டு பழகுகிறான். சாக்லேட்டை வெண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிக்கொள்கிறான். காகிதம் வெட்டும் கத்தி அவனுக்குக் குத்துவாள், தட்டு கேடயம், குளியல் துண்டு தலைப்பாகை. கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, காட்டுவிலங்கு போல் அறைக்குள் பாய்ந்து திரிகிறான். தனக்கு நடிப்பு அற்புதமாக வருகிறது என்று பூரித்துப் போகிறான். மறுநாளும் அதையே செய்கிறான். அதற்கு அடுத்த நாளும் அதுவேதான் வருகிறது. புதிதாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் மேடையேறும்போது கூச்சமும் பயமும் சேர்ந்து பாதி குழம்பிப் போகிறது. ஒரே ஓர் இடத்தில், தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் ஒரு வரியைக் கத்துகிறான். அங்கே மட்டும் அரங்கம் அவனைக் கவனிக்கிறது. ஆசிரியர் பிறகு அந்தச் சில நொடிகளை உண்மை என்று ஒப்புக்கொண்டு, மற்றதையெல்லாம் மிகை நடிப்பு என்று தள்ளிவிடுகிறார்.

ஒத்தெல்லோ யார்? வெனிஸ் அரசின் படைத்தலைவன். போர் பார்த்தவன். அவனுக்கும் கண் உருட்டலுக்கும் என்ன சம்பந்தம்? மாணவன் ஒத்தெல்லோவை நடிக்கவில்லை. கறுப்பர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று அவன் ஊரில் புழங்கிய ஒரு பொம்மையை நடித்தான். நம் மேடையில் சேரி ஆள் என்றால் கரியைப் பூசுவதும், குரலை நடுங்கவிடுவதும், பேச்சைக் குழறவிடுவதும் அதே பொம்மைதான். வெள்ளைக்கார மாணவன் செய்தது அறியாமை. அதை நாமே நமக்குச் செய்துகொள்வதை என்னவென்று சொல்வது?

விழுப்புரத்துப் பையனிடம் திரும்புகிறேன். ஆயா சொன்ன மறுநாள், குனிவதை விடு, நிமிர்ந்து நில் என்று அவனிடம் நான் சொல்லவில்லை. அதுவும் இன்னொரு பொம்மையாகிவிடும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றை அவன் தோளில் ஏற்றி, கூடத்திலிருந்து தண்ணீர்த் தொட்டிவரை நான்கு நடை போய்வரச் சொன்னேன். திரும்பி வந்து மூச்சு வாங்க நின்றபோது, "இப்பச் சொல்லு வசனத்தை" என்றேன். கால்கள் தானாக அகண்டிருந்தன. முதுகு சற்றுப் பின்னால் சாய்ந்திருந்தது. கைக்கு என்ன செய்வது என்ற குழப்பமே இல்லை. அது களைத்துத் தொங்கியது. நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

பிறகு அவனிடம் கேட்டேன்: "வாசலுக்கு எதுக்கு வந்த?"

"அடிமைத்தனத்தைக் காட்ட."

"அது நாடகம் பாக்கறவங்க புரிஞ்சிக்க வேண்டியது. உங்க தாத்தா எதுக்கு வந்தாரு?"

யோசித்து, "ஒரு மரக்கால் நெல்லு கேட்க" என்றான்.

வந்த வேலை அதுதான். அடிமைத்தனத்தை யாராலும் நடிக்க முடியாது. ஒரு மரக்கால் நெல் கேட்பதை நடிக்கலாம். வீட்டில் எத்தனை வாய், அந்த நெல் எத்தனை நாளுக்கு வரும், இல்லை என்றால் அடுத்து யாரிடம் போவது என்றெல்லாம் அவனும் ஆயாவும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அதன்பிறகு அவன் ஏன் ஆண்டையின் காலையே பார்க்கிறான் என்பது அவனுக்கே விளங்கிவிட்டது. கால் திரும்பினால் நெல் போச்சு.

ஆண்டை வேஷத்துக்குப் பையன்கள் யாரும் முன்வரவில்லை. கல்லூரி முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் எடுத்துக்கொண்டாள். முதல் நாள் மீசையை முறுக்கினாள், நாற்காலியைத் தட்டினாள், கத்தினாள். சினிமா வில்லன். "நிஜத்துல உன்னை அதிகாரம் பண்ணவங்க யாராவது இப்படிக் கத்தினாங்களா?" என்று கேட்டேன். விடுமுறையில் டவுனில் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறாள். அந்த முதலாளி கத்தவே மாட்டாராம். சம்பளம் கேட்டுப் போனால் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல் பதில் சொல்வாராம். அதையே செய்து பார் என்றேன். நோட்டு ஒன்றை மடியில் வைத்து ஏதோ எழுதிக்கொண்டே, எதிரே நிற்பவனைப் பார்க்காமல், மெதுவான குரலில் "அடுத்த போகத்துக்குப் பாக்கலாம்" என்றாள். முதல் நாள் சிரித்த சின்னப் பிள்ளைகள் அன்று சிரிக்கவில்லை.

காட்சி முடிந்ததும் வெளியே போய் நின்றுகொண்டாள். போய்ப் பேசினேன். "நல்லா இருந்துச்சுண்ணே. ஒருத்தரை நிக்க வெச்சிட்டுப் பாக்காம இருக்கிறது நல்லா இருந்துச்சு. அதான் பயமா இருக்கு" என்றாள். இவ்வளவு நேர்மையாகத் தன்னைச் சொன்ன நடிகரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தப் பயத்துக்கு நம் தெருக்கூத்தில் ஒரு மருந்து இருக்கிறது. கூத்தில் துரியோதனன் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும், தன்னைப் பற்றியே படர்க்கையில் பாடுவான். இன்ன ராஜன் இப்படி வருகிறான் என்று. வேஷம் கட்டியவர் ஒரு பக்கம், ராஜன் ஒரு பக்கம். நடுவில் கட்டியக்காரன் வந்து ராஜனையே கேலி செய்வான். வட மாவட்டங்களில் சேரிகளிலேயே ஜமா வைத்துக் கூத்து நடத்தியவர்களுக்கு இது பால்பாடம். (ஊருக்குள் பாரதம் நடந்தபோது நம் ஆட்கள் எங்கே நின்று பார்த்தார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய கதை.) ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்டும் தன் நடிகர்களுக்கு இதை ஒரு பயிற்சியாகவே வைத்திருந்தார்: ஒத்திகையில் வசனத்தைப் படர்க்கையில், இறந்தகாலத்தில் மாற்றிச் சொல்லவேண்டும், செய்யும் செயலையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும்.

அந்தப் பெண் அப்படிச் சொல்லிப் பார்த்தாள். "அடுத்த போகத்துக்குப் பார்க்கலாம் என்று ஆண்டை சொன்னார். சொன்னபோது நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவது போல் பாவனை செய்தார்." இந்த இரண்டாவது வாக்கியம் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளுக்கு வந்தது. ஆண்டைக்கும் பதில் சொல்லச் சங்கடம் இருந்தது, அதை நோட்டில் ஒளித்தார் என்று கண்டுபிடித்தாள். வேஷத்துக்குள் போனவள், வேஷத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்க்கவும் கற்றுக்கொண்டாள்.

தன் நடிப்பைத் தானே எடைபோடுவது இங்கேதான் தொடங்குகிறது. இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. ஒத்திகையைப் படம் பிடித்துப் பார்ப்பது சுலபம். பார்க்கத் தெரிய வேண்டும். இந்தப் பிள்ளைகள் முதல் தடவை பார்த்தபோது ஒவ்வொருவரும் சொன்னது என்ன தெரியுமா? "ஐயோ, எவ்ளோ கறுப்பா இருக்கேன்." "என் குரல் கேவலமா இருக்கு." "மூக்கு இவ்ளோ பெரிசா?" இது நடிப்பைப் பற்றிய மதிப்பீடே இல்லை. சினிமாவும் விளம்பரமும் நம் தலைக்குள் உட்காரவைத்திருக்கும் நடுவர் பேசுகிறார். முகத்தில் சாக்லேட் பூசிய அந்த மாணவனின் கண்ணால் நாம் நம்மைப் பார்த்துக்கொள்கிறோம். அந்த நடுவரை முதலில் எழுப்பி வெளியே அனுப்ப வேண்டும்.

அதற்கு நான் சொன்ன வழி இது. முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வசனம் இல்லாமலே யார் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று தெரிகிறதா? இரண்டாம் முறை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். எதிராளி பேசி முடிப்பதற்குள் அடுத்த வசனத்துக்கு அவசரப்படுகிற இடங்கள் காதில் விழும். அங்கெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, முறைக்காகக் காத்திருந்தீர்கள். மூன்றாம் முறை உங்களைப் பார்க்காதீர்கள், எதிரே நிற்பவரைப் பாருங்கள். நீங்கள் சொன்னதால் அவரிடம் ஏதாவது மாறுகிறதா?

மூன்று முறை பார்த்தபின் நோட்டில் எழுத வேண்டும். நன்றாக இருந்தது, மோசமாக இருந்தது என்று எழுதக்கூடாது. இன்ன வரியில், இன்ன இடத்தில், இன்னது நடந்தது என்று எழுத வேண்டும். பையன் எழுதியதில் ஒன்று: "இரண்டாவது தடவை 'ஆண்டே' என்றபோது சின்னப் பசங்க பக்கம் பார்த்தேன். சிரிக்கிறார்களா என்று பார்த்தேன்." எனக்கு அந்த ஒரு வரி போதும், இவன் நடிகனாகிவிடுவான் என்று சொல்ல.

மற்றவர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "சூப்பர்" என்பார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "நான் என்ன கேக்க வந்தேன்? கெடைக்கும்னு நெனச்சேனா, கெடைக்காதுன்னு நெனச்சேனா? எந்த எடத்துல நம்பிக்கை போச்சு?" என்று கேட்க வேண்டும். பார்த்தவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் தவறு அவரிடம் இல்லை. யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். என் கல்லூரியில் நடுவர்களாக இருந்தவர்களில் ஒருவராவது கூலி கேட்டு வாசலில் நின்றிருந்தால் எனக்கு அந்தப் பரிசு கிடைத்திருக்காது. அம்மா கேட்ட கேள்விதான் சரியான தீர்ப்பு. அதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து வருடம் ஆனது.

ஏப்ரல் 14 இரவு எட்டரை மணிக்கு நாடகம் தொடங்கியது. காலனி முழுக்கத் தெருவில் உட்கார்ந்திருந்தது. ஊர்ப் பக்கத்திலிருந்தும் சிலர் டீக்கடை ஓரம் நின்று பார்த்தார்கள். வாசல் காட்சி வந்தது. பையன் நாலு முழம் தள்ளி நின்றான். தோளிலிருந்து துண்டை எடுத்தான். ஒரே ஓர் உதறு. குழல்விளக்கு வெளிச்சத்தில் தூசி எழுந்து ஆண்டையின் நாற்காலிப் பக்கம் போனது. பிறகுதான் அக்குளில் வைத்தான். பெரியவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒருவர் "அதே ஒதறுதான்யா" என்றது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

முடிந்ததும் ஆயாவிடம் போனேன். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொன்ன நானே அதைத்தான் கேட்டேன். "கால் சரியா வெக்கல. அவரு எடது காலத்தான் முன்னாடி வெப்பாரு" என்றார்.

பையன் அன்றிரவே நோட்டில் எழுதியதை மறுநாள் காட்டினான். இடது கால் என்று ஆயா சொன்னதைக் குறித்திருந்தான். அதன் கீழே: "துண்டை உதறியபோது ஆயா எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு நொடி தேடினேன். அந்த நொடியில் நான் தாத்தா இல்லை, பேரன்." அடுத்த மாதம் பக்கத்துக் காலனியில் போடக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதற்கு அவனும் அந்தப் பெண்ணும் வேஷத்தை மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொன்னார்கள். பண்ணையாளின் மனைவி வாசலுக்குப் போனால் எப்படி நிற்பார் என்று அவள் ஆயாவிடம் ஏற்கெனவே கேட்க ஆரம்பித்திருந்தாள்.